லிப்டுக்குள் அம்மா

முந்நூறு விற்பனைப் பிரதிநிதிகளைக் குளிரூட்டிய மண்டபமொன்றில் காலையிலிருந்து மாலைவரை கொட்டாவி விடாமல் உட்கார வைத்தவர் என்று பயிற்சியாளர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். பிறரும் சொல்வார்கள் என்று சற்றுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் நடத்தும் வகுப்பின் பெயர் 'கேட்பவர் கவனத்தைக் கட்டிப்போடுவது எப்படி'. காதோரம் மைக், கையில் ரிமோட், முகத்தில் யாரையோ எந்நேரமும் மன்னித்துக்கொண்டிருப்பது போன்ற புன்னகை.

ஆகவே இரண்டு வயது இரட்டைக் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வந்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டே ரெண்டு பேர். நான் முந்நூறு பேரைச் சமாளிச்சவன்."

"அந்த முந்நூறு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு ஓசி. சாயங்காலம் சர்டிபிகேட் வேற" என்றாள் மனைவி, பூட்ஸ் நாடாவை இறுக்கியபடி.

மனைவி லிப்ட் மெக்கானிக். பிரசவத்துக்கு முன் விட்ட வேலையை அதே கம்பெனியில் மறுபடி கேட்டிருந்தாள். அவர்கள் அவளைச் சோதனைக் காலத்தில் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் அதிகம் பேசாத மனிதர். பேசியதில் ஒரு வாக்கியம் மட்டும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. "வீட்டுல இருந்து போன் வந்துச்சு, புள்ளைங்க அழுவுதுன்னு பாதி வேலையில கிளம்பினீங்கன்னா, அப்புறம் திரும்பி வர வேணாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க." தப்பாக நினைக்க இடமே வைக்காமல் பேசிவிட்டு இப்படிச் சொல்வது ஒரு கலை.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு வருடமாகப் பால்புட்டி மூடியைத் தவிர வேறெதையும் திருகாத கை அது. இப்போது மாலையில் நகக்கண்ணில் கிரீஸோடு வீடு வந்து, "இன்னிக்கு ஒரு பிரேக் அட்ஜஸ்ட் பண்ணேன் பாருங்க" என்று ஆரம்பிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால், யாரோ நகை வாங்கித் தந்தது போல இருக்கும்.

"என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றாள் வாசலில். "ரத்தம் வந்தா டாக்டர், தீப்பிடிச்சா தீயணைப்பு. எனக்கு வேணாம்."

"எனக்கு எதுக்கு உன் உதவி?" என்றார் பயிற்சியாளர்.

முதல் நாளுக்கான நிகழ்ச்சி நிரல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வண்ணத்தில் ஒட்டப்பட்டது. தயார்நிலைப் பயிற்சி, குழுச் செயல்பாடு, படைப்பூக்க நேரம், பின்னூட்டம். தயார்நிலைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே இளையவன் நிரலைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தான். சில நிமிடங்கள் முன்னால் பிறந்துவிட்ட ஒரே தகுதியில் வீட்டை ஆண்டுகொண்டிருந்த மூத்தவள், "குழுச் செயல்பாடு" என்று அப்பா கைதட்டியதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூளை வளர்ச்சிக்கென்றே செய்யப்பட்ட மரக்கட்டைகள் வந்தன. குழந்தைகள் கட்டைகளை ஒதுக்கிவிட்டு அட்டைப்பெட்டிக்காகச் சண்டை போட்டார்கள். விரல்பொம்மை நாடகம் போட்டார். கதாநாயகனின் தலையை மூத்தவள் கடித்து எடுத்துக்கொண்டு போனாள். கரடியாக ஆனார், தவழ்ந்தார், உறுமினார். உறுமி முடித்துத் தலையைத் தூக்கினால் அறையில் ஒருவரும் இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானத்தில் மச்சினி போன் செய்தாள். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறர் வாய் திறந்திருக்கும்போது பேசிப் பேசியே பழகியவள், பதிலை எதிர்பார்க்க மாட்டாள்.

"என்ன அத்தான், கட்டிப்போட்டாச்சா?"

"எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு."

"பின்னாடி என்ன உடையிற சத்தம்?"

"படைப்பூக்க நேரம்."

"அக்காகிட்ட சொல்லவா?"

"ஐயோ, வேணாம் தாயே" என்றார் பயிற்சியாளர். முந்நூறு பேர் முன்னால் ஒருபோதும் வெளிவராத குரல் அது.

சிறு குழந்தைகளோடு வீட்டில் இருக்கும் பகல் எவ்வளவு நீளமானது என்பது அலுவலகம் போகிறவர்களுக்குப் புரியாது. தெரிந்த பாட்டையெல்லாம் பாடி, தெரிந்த மிருகங்களாகவெல்லாம் மாறி, பழம் நறுக்கிக் கொடுத்து, அதைச் சுவரிலிருந்து துடைத்து, பால்கனியிலிருந்து காக்கா காட்டி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் அது வேண்டுமென்றே நின்றுகொண்டிருப்பது போல இருக்கும்.

அதற்கு நடுவில் மூத்தவள் ஓயாமல் கேட்ட ஒரு கேள்வி உண்டு. "அம்மா எங்க?"

"அம்மா லிப்டுக்குப் போயிருக்கா."

உண்மைதான். ஊரில் எத்தனையோ லிப்ட் இருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தெரிந்த லிப்ட் ஒன்றே ஒன்று. அது மூன்றாவது மாடியில், அவர்கள் வீட்டு வாசலுக்கு எதிரில் இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கதவைத் தட்டித் தட்டி வெளியே வந்து லிப்ட் முன்னால் நின்றார்கள். பயிற்சியாளருக்கு முதலில் எரிச்சல், பிறகு பேரானந்தம். நிற்கிறார்கள்! அசையாமல் நிற்கிறார்கள்! மேலே எண் ஒளிர்கிறது, மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, யாரோ வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் இருவர் முகமும் மலர்ந்தது. வந்தவர் யாரென்று பார்த்ததும் கொஞ்சம் வாடியது. மறுபடி மேலே எண்ணைப் பார்த்தது. தான் செய்ய முடியாததை ஒரு மின்தூக்கி செய்கிறதே என்று அவர் வருத்தப்படவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சூடாக ஒரு டீ குடித்தார். பல நாளைக்குப் பிறகு ஆறாத டீ.

இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர் ஒருவர்தான். நான்காவது மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதிரியே இல்லாமல் தேர்தலில் நின்று, அப்படியும் பிரசாரம் செய்து ஜெயித்தவர்.

"லிப்ட் முன்னாடி குழந்தைகளை நிறுத்தறது சங்க விதிப்படி சரியில்ல சார்."

"எந்த விதி சார்?"

"இனிமேதான் போடணும்" என்றார் செயலாளர்.

அடுத்த நாள் பதினொரு மணி வாக்கில் விதியைத் தட்டச்சு செய்து, கீழே ஒட்டுவதற்காகக் கையில் பிடித்தபடி அவர் லிப்டில் இறங்கினார். மூன்றாவது மாடியில் யாரோ பொத்தானை அமுக்கியிருந்தார்கள் போல, கதவு திறந்தது. இரண்டு குழந்தைகளும் லிப்ட் வாசலை ஒட்டிக் குந்தியிருப்பதைப் பார்த்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவர் பயிற்சியாளரிடம் சொல்லச் சொல்லக் கதவு மூடியது. லிப்ட் கொஞ்சம் இறங்கியது. கடக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

கதவின் நடுவில் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. அதன் வழியே இப்போது செயலாளரின் முகம் மட்டும் தெரிந்தது, சரியாக இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்தில்.

"என்ன சார் ஆச்சு?" என்று உள்ளிருந்து மெலிதாகக் கேட்டது. "உள்ள சிக்னல் இல்ல! போன் பண்ணுங்க சார்!"

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். கதவு ஓடும் பள்ளத்தில், மூலையில், ஒரு சின்ன ஸ்பூன் செருகியிருந்தது. கைப்பிடி வளைந்து நன்றாக இறுகிவிட்டது. அவருடைய வீட்டு ஸ்பூன். இளையவனுக்கு வாழைப்பழம் மசித்துக் கொடுக்கும் ஸ்பூன்.

சுவரில் பராமரிப்புக் கம்பெனியின் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. மனைவியின் கம்பெனி.

போன் பண்ணினால் யாரை அனுப்புவார்கள்? அவளையே அனுப்பினால்? தன் வீட்டுப் பிள்ளைகள் பழுதாக்கிய லிப்டைச் சரிசெய்ய, அந்த மேற்பார்வையாளரோடு அவளே படியேறி வந்தால்? ஸ்பூனைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுக்கப் பயமாக இருந்தது. உள்ளே செயலாளரின் நெற்றி வியர்க்க ஆரம்பித்திருந்தது.

போன் பண்ணினார்.

"யார் சார் பேசறீங்க?" என்றது கம்பெனிக் குரல்.

"மூணாவது மாடி."

"பேரு சார்?"

"மூணாவது மாடின்னே போட்டுக்குங்கம்மா. ஆள் உள்ள இருக்காரு, சீக்கிரம்."

குழந்தைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கதவைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இனி உள்ளே இருப்பவரைச் சமாளிக்க வேண்டும். அவர் துறை அதுதானே. தொண்டையைச் செருமினார். "நெருக்கடின்னு ஒண்ணு கிடையாது சார். வாய்ப்புன்னுதான் ஒண்ணு..."

"வாயை மூடுங்க சார்!" என்றார் செயலாளர். அவர் மூச்சு வாங்கியது. "எனக்கு மூடின இடம் ஆகாது. ஆகவே ஆகாது."

அப்போது மூத்தவள் இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, "பே!" என்றாள்.

செயலாளர் விழித்தார்.

"பே!" என்றான் இளையவன், முகத்தை மூடாமலே. அவனுக்கு விளையாட்டின் பாதிதான் பிடிபட்டிருந்தது.

மூத்தவள் மறுபடி மூடினாள். இந்த முறை நெடுநேரம் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயலாளர் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், மூச்சு வாங்குவதைக்கூட மறந்து. "பே!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு (லிப்டுக்குள் தனியாக இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு ஒரு வசதியாகத் தெரிந்தது), கையிலிருந்த விதியை முகத்துக்கு நேராகப் பிடித்து, சட்டென்று இறக்கினார்.

"பே!"

இளையவன் சிரித்த சிரிப்பில் மல்லாந்து விழுந்தான்.

படியில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டபோது மூவரும் விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். பயிற்சியாளர் மட்டும் எழுந்து நின்றார். முன்னால் மேற்பார்வையாளர், பின்னால், கருவிப்பையோடு, மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா!" என்று இரண்டும் பாய்ந்தன.

மேற்பார்வையாளர் நின்றார். குழந்தைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அந்தப் பை எப்போது கீழே விழும் என்று பார்ப்பவர் போல இருந்தார்.

பை கீழே விழவில்லை. "அம்மா வேலை பாக்குறேன்" என்றாள் அவள். "உள்ள ஒரு தாத்தா மாட்டிக்கிட்டிருக்காரு. அப்பாகிட்ட போய் உக்காந்து பாருங்க."

"தாத்தாவா?" என்றது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

மேலே இயந்திர அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். மேற்பார்வையாளர் தன் சட்டைப்பையிலிருந்து கதவு திறக்கும் சாவியை எடுத்துக் கொடுத்தார். சோதனைக் காலத்தில் இருப்பவர்களிடம் அது இருக்காது. அவள் முழங்காலிட்டாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்பூனின் வளைவைக் குறடால் நிமிர்த்தி, அலுங்காமல் உருவினாள். குழந்தைகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, கரடி இல்லை. அப்பாவின் இரண்டு முழங்கால்மேல் இரண்டு பேர், ஆடாமல் அசையாமல்.

கதவு திறந்தது. செயலாளரைக் கைகொடுத்து மேலே ஏற்றினார்கள்.

மேற்பார்வையாளர் ஸ்பூனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குழியில் காய்ந்த பழம் ஒட்டியிருந்தது. "இது எப்படி இங்க வந்துச்சு?"

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள். "எங்க வீட்டு ஸ்பூன் சார்."

"அதைக் கேக்கல. ஏன் இதுக்குள்ள போட்டாங்க?"

மூத்தவள் பெரியவர்களின் மந்தபுத்தியைப் பார்த்துச் சலித்துப்போய், லிப்டைக் கைகாட்டினாள். "அம்மாக்கு மம்மு."

மனைவியின் கையில் இருந்த குறடு பைக்குள் போகாமல் நடுவில் நின்றது. மேற்பார்வையாளர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கதவுக்கும் நிலைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதைப் பற்றி, யாரும் கேட்காமலே, நிறையப் பேசினார்.

பேசி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல இருந்து போன் வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"வந்துச்சு சார்" என்றாள். "ஆனா லிப்டுக்குத்தான் வந்துச்சு. எனக்கு இல்ல."

"புள்ளைங்களைப் பாத்ததும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுவீங்கன்னு நினைச்சேன்."

"உள்ள ஆள் இருந்தாரே சார்."

அவர் தலையை ஆட்டினார். அவள் திருப்பிக் கொடுத்த சாவியை வாங்கக் கை நீட்டவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழமையில இருந்து தனியா போங்க. ஒவ்வொரு மாடிக்கும் உங்க பின்னாடி ஏறி வர என் முழங்காலுக்குத் தெம்பு இல்ல."

அவள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள்.

"இந்தச் சம்பவம் குறித்துச் சங்கத்தின் சார்பில்..." என்று செயலாளர் தொடங்கினார். இளையவன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "பே" என்றான். சங்கத்தின் சார்பில் அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

மனைவி குனிந்து இருவர் உச்சியிலும் முத்தமிட்டாள். நெற்றியில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியது. "அம்மா லிப்டுக்குள்ள இல்ல கண்ணுங்களா. வெளிய நின்னு அதைச் சரி பண்றேன். இப்ப இன்னொண்ணு கெட்டுப்போச்சாம், போயிட்டு வரேன்." பிறகு கணவனைப் பார்த்தாள். அவர் எதையாவது சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இனிமேதான்" என்று படியிறங்கினாள்.

குழந்தைகள் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே முகத்தைப் பதித்து அவள் இறங்குவதைப் பார்த்தார்கள். இளையவன் உதடு பிதுங்கியது. மூத்தவள் அவன் கையைப் பிடித்து, "அம்மா வேலை" என்று அவனுக்கு விளக்கினாள்; பிறகு விளக்கம் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, தானும் சேர்ந்து அழுதாள்.

பயிற்சியாளர் அவர்களுக்கு நடுவில் படியில் உட்கார்ந்தார். மாலை வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. மைக் இல்லை, நிரல் இல்லை. இளையவனுக்கு ஜட்டியும் நனைந்திருந்தது.