நாலு மூச்சு நேரம்

பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "கடைசில அஞ்சு நிமிசம் உங்களுக்கு, அண்ணாச்சி. சண்டையக் கண்ணால பாத்த ஆளு இந்த மேடையில நீங்க ஒருத்தர்தான்" என்று காதோரம் சொல்லிப் போனான் சுடலைமணி. மொபைல் கடை வைத்திருப்பவன். நகர வாசகர் வட்டத்தின் செயலாளரும் அவன்தான். மருதப்பன் மேடையின் ஓரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் பேனரில் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது: இன்றைய போரில் வெற்றி தருவது ஆயுதமா? உத்தியா?

சட்டைப் பையில் மூன்று பக்கம் மடித்து வைத்திருந்தார். ஒரு வாரமாக எழுதியது. திருவேங்கடம் சாலையில் ஒற்றை அறை வீடு. மனைவி போய் நாலு வருடம். மகள் காவியா திருப்பூரில். நேற்றுச் சுவரைப் பார்த்து வாசித்துப் பழகியபோது தொண்டை கட்டிக்கொண்டது. யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தின இரண்டு நாளில் அவர் வாயைத் திறந்து பேசியது பால்காரரிடம் மட்டும்தான்.

கல்லூரியில் பாடம் நடத்தும் வேல்விழி ஆயுதத்தின் கட்சி. "ஆளே இல்லாத டிரோன் பறக்குது. இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்து ஒருத்தன் பொத்தானை அமுக்குறான். இதுல உத்திக்கு எங்கே இடம்?" என்றாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் சங்கரசுப்பு எழுந்தார். "மலை மாதிரி நிக்கிற டாங்கியை, காக்கா அளவு டிரோன் சாய்க்குதே அம்மா! சாய்ச்சது டிரோனா? எங்கே, எப்போ அடிக்கணும்னு நினைச்ச மூளையா?" கைதட்டல் அடங்குவதற்குள் வேல்விழி சொன்னாள்: "அப்படின்னா டிரோனை வச்சிட்டு, மூளையை மட்டும் எறிஞ்சு பாருங்க ஐயா!" மண்டபம் சிரித்தது. சங்கரசுப்புவும் சிரித்தார்.

மருதப்பனும் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் நாலாவது வரிசையில் ராஜகுமாரியைக் கண்டார். ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அழைப்பிதழைப் போனில் அனுப்பியதே அவர்தான். அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல மேடையையே பார்த்தாள். அவளுடைய புருஷன் சண்முகையாவும் மருதப்பனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், எல்லையில் ஒரு மலைக் காவல் நிலையில், மருதப்பனுக்கு முப்பதடி கீழே சண்முகையா செத்துப்போனான். "எல்லாம் சட்டுனு முடிஞ்சிருச்சு தாயி" என்றுதான் அன்றைக்கு அவளிடம் சொன்னார். வருடா வருடம் அந்த நாளில் ராயகிரிக்குப் போய், படத்துக்கு முன்னால் நின்று, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். வேறு எதுவும் பேசியதில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்க் காகிதத்தை எடுத்தார்.

அவர் எழுதியிருந்தது அந்த விடிகாலையைத்தான். புதிதாக வந்த கருவி. பனிமூட்டத்துக்குள்ளும் உடம்புச் சூட்டை வெள்ளையாகக் காட்டும். அதில் கண் வைத்திருந்தவர் மருதப்பன். திட்டமும் பழுதில்லாதது. ஓடை வழியாக யார் வந்தாலும் நம் ஆள் இல்லை. பார்த்ததும் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். கீழே பாறை மறைவில் சண்முகையாவும் இன்னும் இருவரும் தயாராக இருப்பார்கள். திரையில் ஒரு ஆள் தெரிந்தான். குனிந்தான். இரண்டு கையும் தாழ்ந்து, ஏதோ ஒன்றின் வயிற்றுக்கடியில் போய், பதமாக மேலே வந்தன. பனவடலிசத்திரத்தில் மருதப்பனின் அப்பா ஆட்டுக்குட்டியை அப்படித்தான் தூக்குவார். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அந்த மலையிலும் ஆடு மேய்ப்பவர்கள் உண்டு. வயர்லெஸ் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவர் சொல்லவில்லை. சொன்னபோது கீழே வெடிச்சத்தம் கேட்டுவிட்டது. மற்றவர்கள் திருப்பிச் சுட்டார்கள். மூட்டம் விலகியபோது ஓடையில் யாருமில்லை. சண்முகையாவைச் சுட்டது அந்த ஆளா, அவனுக்குப் பின்னால் வந்த வேறொருவனா, யாருக்கும் தெரியாது. விசாரணையில், பார்த்ததும் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் மறுபடி கேட்கவில்லை.

மைக் இரைந்தது. மருதப்பன் காகிதத்தை மடித்தார். "ஆயுதமும் வேணும், உத்தியும் வேணும். ரெண்டும் இருந்தாத்தான் ஜெயிக்க முடியும். வணக்கம்" என்றார். பெரிய கைதட்டல். நடுவரும் அதையே பிடித்துக்கொண்டு, இரண்டும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு மருதப்பனும் ராஜகுமாரியும் நடந்தே போனார்கள். மேற்கே வெயில் சாய்ந்து, பூக்கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ராயகிரி பஸ் நின்றிருந்தது, டிரைவர் வரவில்லை.

"நீங்க பேச வந்தத பேசல அண்ணே" என்றாள் ராஜகுமாரி.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தாள எடுத்தீக. என்னையப் பாத்தீக. மடக்கிட்டீக."

காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கை சட்டைப் பைக்குப் போனது. கொடுப்பது கோழைத்தனம் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அப்பா குனிவதைக்கூடச் சொன்னார். பேசப் பேசக் குரல் யாருடையதோ போலக் கேட்டது. அவள் பையின் காதை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நேரம் சொல்லாம இருந்தீக?"

"நாலு மூச்சு நேரம் இருக்கும்."

அவள் கழுத்தெலும்புக்கு மேலே மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். எண்ணுகிறாள் என்பது அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது. நாலாவது இறங்கியதும் கண்ணை மூடித் திறந்தாள்.

"ரொம்ப நேரம்தான்" என்றாள்.

"ஆமா."

"அந்த ஆளு கையில குட்டி இருந்துச்சா?"

"தெரியல தாயி. கை கீழ போயிட்டு மேல வந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"இருந்திருக்கணும்" என்றாள் ராஜகுமாரி. தனக்காகச் சொன்னாளா, அவருக்காகவா, செத்துப்போனவனுக்காகவா என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

எப்போதும் 'வாரேன் அண்ணே' என்று சொல்லித்தான் ஏறுவாள். இன்றைக்குச் சொல்லாமல் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதப்பன் ஜன்னலுக்குக் கீழே நின்றார். பொன்னாடை தோளில் அப்படியே கிடந்தது. ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து பாதி குடித்தாள். மூடியைப் போடவில்லை. முகத்தைத் திருப்பாமலே, பாட்டிலை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவர் பக்கம் நீட்டினாள். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். பஸ்ஸின் உடம்பெல்லாம் நடுங்கியது. நீட்டிய கையில் மிச்சத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.