தியோ போலோய்க்குச் சாவு கிடையாதாம்

மலர் வளையம் காலை ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் அதைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். வெள்ளைப் பூ, ஊதா ரிப்பன், ரிப்பனில் பொன்னெழுத்து.

செனைதா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். 'ஆழ்ந்த அனுதாபங்களுடன், பரோலா எஃப்.எம். குடும்பம்' என்று மேலே இருந்தது. கீழே அறிவிப்பாளர்களின் பெயர்கள்: மிஸ் பிங்கி, டோங் ராக்கெட், தியோ போலோய்.

மூன்றாவது பெயரில் அவள் விரல் நின்றது. பெட்டிக்குள் படுத்திருந்த அவள் கணவர்தான் தியோ போலோய். பதினைந்து வருஷம் செபு நகரமும் சுற்றியிருந்த தீவுகளும் அவரை அப்படித்தான் கூப்பிட்டன. செத்தவருக்கு அவர் பெயராலேயே அனுதாபம் அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காது சூடானது. வீட்டில் பிணம் இருக்கும்போது தலை வாரக் கூடாது என்று மூன்று நாளாகப் பரட்டைத் தலையோடு இருந்தாள். அதே தலையோடு ரிப்பனை உருவி, மடித்துக் கைப்பையில் திணித்தாள்.

ரிப்பன் ஒன்றுதான் என்றால் அச்சுக் கடைக்காரன் தவறு என்று விட்டிருப்பாள். ஆனால் பாசில் பேட்டையின் அந்தச் சந்தில் இருபத்தைந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டும், பிணத்துக்குத் துணையாக ராத்திரி உட்கார்ந்து சீட்டாட நாலு பேருக்கு மேல் வரவில்லை. வாங்கி வைத்த ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. வாசல் பலகையில் 'ருஃபினோ கபாஹுக், வயது 67' என்று எழுதியிருந்ததைப் படித்த ஜனம், யாரோ என்று தாண்டிப் போனது. நேற்று அடுத்த தெரு மீன்காரியிடம் செனைதா விஷயத்தைச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

"விளையாடாதீங்க நைதா அக்கா. இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன், யாரோ பன்னி தொலைச்சதுக்கு அறிவிப்பு வாசிச்சுச் சிரிச்சிட்டிருந்தார்."

சவப்பெட்டியின் கண்ணாடி வழியே முகத்தைக் காட்டிய பிறகுதான் மீன்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி ஒவ்வொருவராக இழுத்து வந்து முகத்தைக் காட்டவா முடியும்? நாளை மறுநாள் சனிக்கிழமை அடக்கம். அவருடைய சொந்தமெல்லாம் கமோட்டஸ் தீவுகளில் இருந்தது. அங்கே பாதி இடத்தில் போனில் சிக்னல் கிடையாது. சேதி போக ஒரே வழி, பரோலாவின் மத்தியான அறிவிப்பு நேரம். இன்றைக்குப் போனால்தான் நாளைக்குப் படகு ஏறுவார்கள்.

"எல்லாருக்கும் நான் வாசிச்சேன், எனக்கு ஒருத்தன் வாசிச்சா போதும்" என்று அவர் படுக்கையில் சொல்லியிருந்தார்.

செனைதா ஜீப்னி வண்டி ஏறினாள்.

பரோலாவில் அவர் சேர்ந்தது எழுபத்தெட்டில். அப்போது அது நாடக ரேடியோ. காலை முதல் மாலை வரை தொடர் நாடகம். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குதிரை ஓட்டவும், தகரத்தை ஆட்டி இடி இடிக்கவும்தான் அவரை எடுத்தார்கள். வில்லனாக நடித்தவன் ஒருநாள் வராமல்போக, இவர் மைக் முன் நின்றார். அன்றிலிருந்து அவர்தான் வில்லன் டான் செவேரோ. கார்போன் மார்க்கெட்டில் ஒரு தக்காளிக்காரி அவர் குரலைக் கேட்டதும், ஏழைப் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்திய பாவி என்று காறித் துப்பினாள். அந்த எச்சில் பட்ட சட்டையை அலசியது செனைதாதான். அப்போது கல்யாணமாகி ஒரு மாதம்.

எண்பத்தைந்தில் முதலாளி மாறினார். நாடகம் ஓய்ந்தது, டிஸ்கோ வந்தது. பேச்செல்லாம் ஆங்கிலம். அவர் கேப்டன் ரிக் ஆனார். பல்லைக் கடித்துக்கொண்டு அமெரிக்கன் மாதிரிப் பேச, அவள் எதிரே உட்கார்ந்து சிரிக்காமல் கேட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் இன்னொரு முதலாளி. இப்போது காதல் பாட்டும் காதல் கடிதமும். அவர் பிரதர் கேப்ரியலாகிக் கிசுகிசுப்பில் பேசினார். கடிதங்கள் போதவில்லை. வாரத்துக்கு எட்டுக் கடிதம் செனைதா அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். 'கைவிடப்பட்டவள், மண்டாவே' என்பவளுக்காக ஊரே கண்ணீர் விட்டது. அப்படி ஒருத்தி கிடையாது. அந்த நேரம் செனைதாவின் அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் வந்தவர்கள், சந்தை ஜனத்துக்குச் சந்தைப் பேச்சு வேண்டும், வெடிச்சிரிப்பு வேண்டும், மத்தியானம் அறிவிப்பு வேண்டும் என்றார்கள். மாமா மாதிரி, 'தியோ' போட்டு ஒரு பெயர் கேட்டார்கள். செனைதாவின் அம்மாவுக்கு ஒரு தம்பி, படகில் சமையல்காரர், போலோய் என்று பெயர். தியோ போலோய் என்றே வைத்துக்கொள்ளலாமே என்று அவள்தான் சொன்னாள்.

ஒவ்வொரு முறையும் அவர் தொண்டையை மாற்றினார், பெயரை மாற்றினார். பழைய பெயரைச் சீருடை மாதிரி ஸ்டேஷனிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் குறை சொன்னதில்லை. அந்தப் பெயர்களை யாரும் திரும்ப மாட்டிக்கொண்டதும் இல்லை. போன நவம்பரில்தான் அது நடந்தது. மணிலாவிலிருந்து வந்த புதுக் கம்பெனி, அறிவிப்பு நேரத்தை வைத்துக்கொண்டது, பெயரை வைத்துக்கொண்டது, சிரிப்பையும் வைத்துக்கொண்டது. ஆளை மட்டும் அனுப்பிவிட்டது. அந்தச் சிரிப்பைச் சிரிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவனைப் புத்துவானிலிருந்து பிடித்து வந்தார்கள். பதினொரு மாதம், ஒரு பக்கம் விழுந்துபோன உடம்போடு படுத்து, பக்கத்து வீட்டு ரேடியோவில் தன் சிரிப்பைத் தானே கேட்டார் அந்த மனுஷன். "நல்லாத்தான் சிரிக்கிறான்" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கோலோன் தெருவில் நாலாவது மாடி. லிஃப்ட் கதவருகே காவலாளி டெலியோ எழுந்து நின்றான். "அண்ணி, சாயந்தரம் டியூட்டி முடிஞ்சதும் வரேன்" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் மாடிக்கு அனுப்பினான்.

மேனேஜர் ரெனான் மரியாதைக்காரர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவள் தலைமுடியைப் பார்த்துப் பார்வையை மாற்றிக்கொண்டார். அறிவிப்புத் தாளை வாங்கிப் படித்தார். 'ருஃபினோ கபாஹுக், ஊரறிந்த பெயர் தியோ போலோய்' என்ற வரியில் பேனாவை எடுத்து, இரண்டாவது பாதியை அடித்தார்.

"இதை மட்டும் வாசிக்க முடியாது மேடம்."

ஏன் என்று கேட்டாள். அவர் அலமாரியிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். பெயர், குரல் அடையாளம், சிரிப்பு எல்லாம் நிலையத்தின் உரிமை என்று எழுதி, கீழே அவள் கணவரின் கையெழுத்து. அந்த மனுஷன் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போடுகிறவர்.

"ரேடியோல தினமும் சிரிக்கிற ஒருத்தர் செத்துட்டார்னு அதே ரேடியோ எப்படிச் சொல்லும் மேடம்? சோப்புக் கம்பெனிக்காரன் நாளைக்கே போன் பண்ணுவான். தியோ போலோய் ஆள் இல்ல. அது ஒரு பிராண்டு. அதுக்குச் சாவு கிடையாது."

"போலோய் எங்க அம்மாவோட தம்பி சார். அவருக்குச் சாவு இருந்துச்சு. நான்தான் கடைசித் தண்ணி குடுத்தேன்."

ரெனான் பேனாவை மூடினார். குடும்பத்தார் மைக் முன் உட்கார்ந்து பேசுவது வழக்கம்தான், தாராளமாகப் பேசட்டும், முதல் ஆளாகவே அனுப்புகிறேன் என்றார். ஞானஸ்நானப் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த ஒரு பெயரைச் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் உள்ளே விட முடியும்.

மணி பதினொன்றே முக்கால். இன்று சேதி போகாவிட்டால் நாளைப் படகு இல்லை. செனைதா பல்லைக் கடித்தாள்.

"அந்தப் பேர் என் வாயிலேருந்து வராது சார்."

வெளியே பெஞ்சில் கூட்டம் காத்திருந்தது. எருமை தொலைத்த ஒரு கிழவர். பந்தாயனில் மீன் பிடிக்கப் போயிருக்கும் மருமகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்ல வந்த ஒருத்தி. எல்லோரையும் தாண்டி அவளை உள்ளே கூட்டிப் போனார்கள்.

ஒலிபரப்பு அறையின் சுவரில் மஞ்சளாகிப்போன ஒரு தாள் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் கணவரின் கோணல் எழுத்து. 'சாவு அறிவிப்பு: கூப்பிடும் பெயரைக் கேட்காமல் எவரையும் அனுப்பாதே. தீவில் உள்ளவனுக்கு ரிஜிஸ்தர் பெயர் தெரியாது.' பெயரை எடுத்துக்கொண்டவர்கள், சிரிப்பை எடுத்துக்கொண்டவர்கள், இந்தத் தாளைக் கிழித்துப்போட மறந்திருந்தார்கள்.

மைக் முன் இருந்தவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லி. காதில் கடுக்கன். மரியாதையாக அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்தது. பழைய ஆள் துபாயில் மகளோடு போய்த் தங்கிவிட்டார் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்ததாக டெலியோ பிறகு சொன்னான். அவர்களுக்கு மகளே கிடையாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் சிரித்தான். 'ஹா-ஹாய்' என்று மூக்கில் தொடங்கி வயிற்றில் இறங்கும் அதே சிரிப்பு. செனைதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு குரலைத் தணித்து, துக்கச் சேதி என்று சொல்லித் தாளை வாசித்தான். ருஃபினோ கபாஹுக், அறுபத்தேழு, பாசில். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அடக்கம். பெயருக்குப் பக்கத்தில் பாதி வரி அடிக்கப்பட்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பழக்கதோஷத்தில் கேட்டான்.

"அம்மா, ருஃபினோன்னு சொன்னா தீவுல யாருக்குத் தெரியும்? ஊர்ல அவரை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு உங்க மேனேஜருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவ்வளவு மோசமான பேரா?" என்று மறுபடி சிரித்தான்.

"நல்ல பேர்தான். உன்னை எப்படிக் கூப்பிடறாங்க தம்பி?"

"என்னையா? தியோ போலோய்."

"அதான்."

ரேடியோக்காரன் எதற்கு வேண்டுமானாலும் பயப்படாமல் இருப்பான், மௌனத்துக்குப் பயப்படுவான். மூன்று நொடி ஓசை இல்லாமல் போனால் சம்பளத்தில் கை வைப்பார்கள். அன்றைக்குப் பரோலா பதினொரு நொடி ஊமையாக இருந்தது. ஜீப்னி டிரைவர்கள் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்களாம்.

செனைதா கைப்பையைத் திறந்து ரிப்பனை எடுத்து அவன் முன் விரித்தாள். அவன் படித்தான். தன் பெயரைப் படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெனான் அதை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கையில் எடுத்தான். குரலில் மூக்கு இல்லை, வயிறு இல்லை. வெறும் சாதாரணக் குரல்.

"கமோட்டஸ், ஓலாங்கோ, பந்தாயன்ல கேக்கறவங்க எல்லாருக்கும். தியோ போலோய் செத்துட்டார். வீடு பாசில், மீன் மார்க்கெட் பின்னால. நான் அவர் இல்லை. என் பேர் கெர்வின் லுமாபாஸ். எனக்கு இது…"

நடுவில் சோப்பு விளம்பரம் வந்து விழுந்தது.

நடைபாதையில் ரெனானின் மரியாதை காணாமல் போயிருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினாள் என்றார், கேஸ் போடுவேன் என்றார். பெஞ்சில் இருந்த எருமைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். குழந்தை பெற்றவளின் தாய் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என் வாயிலேருந்து வரலையே சார். உங்க பிராண்டு வாயிலேருந்துதான் வந்துச்சு. அது உங்க சொத்துதானே?"

அன்று சாயங்காலம் இரவல் நாற்காலி இருபத்தைந்தும் போதவில்லை. தக்காளிக் கூடையைத் திண்டாகப் போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை படகுகளில் கருவாடும் சமைத்த சோறுமாக வந்து இறங்கினார்கள். அவர் வாசித்த அறிவிப்பால் மகனைக் கண்டுபிடித்ததாக ஒருத்தி சொன்னாள். கேப்டன் ரிக் காலத்து டிஸ்கோக்காரர்கள் இரண்டு பேர் தொந்தியோடு வந்தார்கள். ஒரு நரைத்த பெண், கைவிடப்பட்ட அந்த மண்டாவேக்காரி பிறகு என்ன ஆனாள், பிரதருக்குத் தெரிந்திருக்குமா என்று செனைதாவிடம் விசாரித்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தாள். கெர்வினும் வந்தான். அவனை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றான். சிரித்துக் காட்டச் சொல்லி யாரோ கேட்டதற்கு, முடியாது என்று தலையாட்டினான்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, பெட்டி வைத்த கல்லறை மாடத்தை அடைத்துச் சிமென்ட் பூசினார்கள். கொத்தனார் ஆணியை எடுத்துக்கொண்டு என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டார். செனைதா ஆணியைத் தானே வாங்கிக்கொண்டாள். ருஃபினோ கபாஹுக் என்று சின்னதாக எழுதினாள். அதன் கீழே, ஈரச் சிமென்டில் விரற்கடை ஆழத்துக்குக் கீறி, தியோ போலோய் என்று பெரிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ரேடியோ சிரித்தது. ஹா-ஹாய். கெர்வின் இல்லை. மூன்றாவதாக ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். தன் பெயர் தியோ போலோய் என்றான், தான் சாகவில்லை என்று ஒரு ஜோக் சொன்னான். செனைதா பாதி வாரிய தலையோடு எழுந்து சந்தைத் தாண்டிப் போனாள். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ரேடியோவை அணைத்துவிட்டாள்.

சாயங்காலம் டெலியோ ஒரு கடிதத்தோடு வந்தான். கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை. நிலையத்துக்கு உரிமையான பெயரைப் பொது இடத்தில் அனுமதியின்றிப் பொறித்திருப்பதால் ஏழு நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று வக்கீல் எழுதியிருந்தார். செனைதா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். படித்து முடித்து, மடித்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சிமென்ட் காஞ்சு கல்லாயிடுச்சுன்னு சொல்லு டெலியோ. வேணும்னா உளியை எடுத்துக்கிட்டு அந்த வக்கீலையே வரச் சொல்லு. ஊரைக் கூட்டிக்கிட்டு நானும் வரேன்."