பாக்கெட்டுக்குள் ஒரு பொத்தான்

தையல்காரிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைச் சூட்டிகை என்றும் இளையவளை வாலு என்றும் கூப்பிடுவார்கள். இரண்டும் காரணப் பெயர்கள். மிஷினுக்கடியில் விழும் வெட்டுத்துணியைப் பொறுக்கிச் சுருக்குப்பை தைப்பதும், உள்ளே ஒரு பொத்தானைப் போட்டு யாருக்காவது கொடுப்பதும்தான் அதுகளுக்குப் பொழுது. வெறும் பையைக் கொடுக்கக் கூடாது என்பது வாலு போட்ட சட்டம். கொடுத்துவிட்டு வரும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே, வாங்கினவர்கள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

முதல் பை அம்மாவுக்குத்தான் வந்தது. "அங்க வச்சிட்டுப் போங்க, தலைக்கு மேல வேலை கெடக்கு" என்றாள் அவள், தன் சட்டையில் அறுந்துபோன பொத்தானுக்குப் பதிலாக ஊக்கைக் குத்திக்கொண்டே. வைத்த இடத்திலேயே அது கிடந்தது.

தலைமையாசிரியை தன் பிரிவுபசார விழாவுக்குச் சாம்பல் நிற கவுன் தைக்கக் கொடுத்திருந்தார். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கச் சொல்லும் மனுஷி. "பாக்கெட் வேண்டாம், இடுப்புல உப்பிக்கிட்டு நிக்கும்" என்று இரண்டு தரம் சொல்லியிருந்தார். அவர் கைகாட்டித்தான் பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் இந்த வீட்டுக்கு வருகிறது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போச்சு.

கவுனை அவர் வாங்கிப் போனதும் வாலு வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சருக்கும் குடுத்துட்டோமே."

"என்னத்தடி?"

"பாக்கெட். தெருவுல எல்லாருக்கும் பை குடுத்தாச்சு. அவங்க கவுன்ல ஒண்ணுகூட இல்ல, பாவம்."

மஞ்சள் பூப்போட்ட துணியாம். பக்கத் தையலைப் பிரித்துச் சூட்டிகை கையாலேயே வைத்துத் தைத்தாளாம். பொத்தானும் மறக்கவில்லையாம்.

தையல்காரி அவர் வீட்டுக்கு ஓடினாள், பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து, "யாரு கேட்டா உங்கள? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களேடி" என்று கத்தினாள். வெட்டுத்துணி மூட்டையை இறுக்கிக் கட்டிப் பரண்மேல் எறிந்தாள். இனி ஊசியைத் தொடமாட்டோம் என்று இரண்டு பேரையும் சொல்ல வைத்தாள். வாலு ஊரைக் கூட்டி அழுதாள். சூட்டிகை அழவேயில்லை, அதுதான் அம்மாவை உறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் தலைமையாசிரியை அந்தக் கவுனோடேயே வாசலில் நின்றார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. தையல்காரி கத்தரியை எடுத்தாள்.

"ரெண்டு நிமிஷம் உக்காருங்க, பிரிச்சுக் குடுத்துடறேன். பிள்ளைங்க தெரியாம..."

"பிரிக்கறதா? எனக்கு மேடையில நின்னா கை நடுங்கும். ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் மேசைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசினேன். இன்னிக்குப் பார்த்து மேசையே போடல. கைய எங்க வைக்கறதுன்னு தடவினேன், உள்ள போயிடுச்சு. ஒரு பொத்தான் கெடச்சுது. அதை உருட்டிக்கிட்டே பேசி முடிச்சேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து வாலு தலையை நீட்டினாள். "பொத்தானத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"குடுக்க மாட்டேன். அது என்னோடது."

வாலு சிரித்தாள். சூட்டிகை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனபிறகு தையல்காரி ஸ்டூலைப் போட்டு மூட்டையை இறக்கினாள். முடிச்சு லேசில் அவிழவில்லை, போட்டவள் அவள்தானே. மிஷின் பலகையில் நூல்கண்டுகளுக்குப் பின்னால் அந்த முதல் பை தூசி படிந்து கிடந்தது. சுருக்கை இழுத்தாள். உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான். அவள் சட்டையிலிருந்து அறுந்து, வீடெல்லாம் தேடியும் கிடைக்காமல் போனதே, அதேதான். பாவி, ஒரு தடவை திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஊக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சூட்டிகையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "இதை நீயே தைச்சுக் குடு."

"ஊசியத் தொடலாமா?"

"தொடும்மா" என்றாள்.

சூட்டிகை ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தாள்.