கோர்ட்டுக்கு ஒரு சட்டை

கோர்ட்டுக்கு எப்படி உடுத்திப் போவது என்று தெரிந்த ஆண்மகன் கடலூர் மாவட்டத்தில் ஒருவன்தான் பிறந்திருக்கிறான், அது தான்தான் என்பதில் கொளஞ்சியப்பனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவன் கூட்டாளி அந்தோணிசாமி, பிள்ளைக்குக் கட்டும் ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டபோது, காலர் நைந்த சட்டையோடு போய் நின்றான். குறைத்தும் கொடுத்தார்கள். செம்மண்டலம் டீக்கடையில் கொளஞ்சியப்பன் அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தான்.

"பெத்த புள்ளைக்குக் குடுக்கற காசுக்குப் பிச்சைக்காரன் வேஷமா மச்சான்? செத்தாலும் அந்தச் சட்டய நான் தொடமாட்டேன்."

அப்புறம் 'தானே' புயல் வந்தது. கொளஞ்சியப்பனின் வாடகைப் பந்தல் சாமான் முழுவதையும், அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல், எடுத்துக்கொண்டு போனது. கீரப்பாளையத்தில் தாயோடு இருக்கும் மகள் சிந்துஜாவுக்கு மாதம் நாலாயிரம் தரவேண்டும் என்பது பழைய உத்தரவு. இப்போது கட்ட முடியவில்லை. தொகையைக் குறைக்காவிட்டால் பாக்கி ஏறி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றார் வக்கீல். சிதம்பரம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள்.

விசாரணையன்று கொளஞ்சியப்பன் மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் போனான். மேல் பொத்தான் திறந்திருந்தது. கழுத்தில் விரல் கனத்துக்கு ஒரு சங்கிலி.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "கழுத்துல அஞ்சு பவுன் மின்னுதுங்க ஐயா. இவருக்குத்தான் வருமானம் இல்லியாம்."

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னப்பா அது?"

நிஜச் சங்கிலி புயலுக்கு அடுத்த வாரமே அடகுக்கடைக்குப் போய்விட்டது. இது சிதம்பரம் கடைத்தெருச் சரக்கு. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் மனு போகும். கொளஞ்சியப்பன் மின்விசிறியைப் பார்த்தான்.

பிரிந்துபோன மனைவி தமிழ்ச்செல்விதான் வாய் திறந்தாள். "அது கவரிங்குங்க ஐயா. எனக்குத் தாலிச் சங்கிலி வாங்கனதும் இதே கடதான். அப்பயும் பவுனுன்னுதான் சொன்னாரு."

கோர்ட்டே சிரித்தது. அவள் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்லாதவர்கிட்ட எப்படிங்க வாங்கறது? கொறச்சிக்கட்டும். ஆனா பந்தல் தொழிலு மறுபடி ஓட ஆரமிச்சா ஏத்திக் குடுக்கணும். புள்ள படிக்குது."

வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி வரும்படி சொல்லி மாஜிஸ்திரேட் வாய்தா கொடுத்தார். சங்கிலியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேஸ் கட்டை எடுத்தார்.

வாய்தாவுக்கு முந்தின சாயங்காலம் கொளஞ்சியப்பன் அந்தோணிசாமி வீட்டுக்குப் போனான். மழையைப் பற்றிப் பேசினான். டீசல் விலையைப் பற்றிப் பேசினான்.

"மச்சான், ஒன்னோட அந்தச் சட்ட இருக்குதா?"

அந்தோணிசாமி உள்ளே போய், துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து நீட்டினான்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் கொளஞ்சியப்பனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, மடிப்பைக் கலைத்து, சீட்டில் பரப்பினான். தேய்ப்பெல்லாம் கசங்கட்டும் என்று, சிதம்பரம் வரும்வரை அதன் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.