அப்பா இருந்த பை

காரின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, சீட்டில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்குள் அப்பா இருந்தார்.

அப்பா என்றால் அவருடைய எலும்புகள். அன்று காலையில்தான் டவுன் கல்லறையில் குழியைத் திறந்து எடுத்தோம். கொரோனா இரண்டாவது அலையில் செத்தவர். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்ததைப் பெட்டியில் வைத்து, கிடைத்த இடத்தில் புதைத்துவிட்டு வந்தோம். அம்மாவை வரவிடவில்லை. ஆம்புலன்சில் ஏற்றும்போது பார்த்ததோடு சரி. இப்போது அந்த வரிசையைக் காலிசெய்து புதுக் குழிகளுக்குக் கொடுக்கப்போவதாகப் பங்குக் கோயிலில் சொல்லிவிட்டார்கள். எடுக்காவிட்டால் எல்லா எலும்புகளையும் சேர்த்துப் போடுகிற பொதுக்கிணற்றில் கொட்டிவிடுவார்கள். பிள்ளைச்சாவடிப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறையில் குடும்பக் கல்லறை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா தாத்தா கட்டியது. சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து மந்திரித்ததும் அப்பாவை அதில் வைப்பதாக ஏற்பாடு.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இங்கேர்ந்து ஊரு வரைக்கும் என் மடியில வெச்சிக்கினு வரேன். மூஞ்சதான் பாக்க வுடல. இதையாவது குடுங்க."

நைட் ஷிப்ட் வேலையை நான் விட்டதிலிருந்து குடும்பத்தில் பகல் வேலை எல்லாம் என் தலையில்தான். கேஸ் புக் பண்ணுவது, அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது, இப்போது இது. கார், அக்கா புருஷன் ஜோசப் ஆனந்துடையது. மாமா மஸ்கட்டில் இருக்கிறார். பழைய வண்டி. அக்கா லினெட்டுக்கு ஓட்டத் தெரியாது. அதனால் அதற்கும் நான்தான்.

கல்லறையில் குழி வெட்டுகிற வடிவேல் எலும்புகளைத் தட்டி, துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்தார். ஈர வாடை போக வேண்டும் என்று கல்லுப்பும் கற்பூரமும் அள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டார். பெட்டிமேல் அடித்திருந்த சின்னப் பித்தளைச் சிலுவையைத் தனியாக என் கையில் கொடுத்தார்.

"இத அம்மாகிட்ட குடு தம்பி. சேறா இருக்குது, கழுவிக் குடு."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் வேலையில் இருந்தபோது கம்பெனியில் கொடுத்த முதுகுப் பையைக் கொண்டுபோயிருந்தேன். கறுப்பு, நல்ல ஜிப், லேப்டாப் வைக்கிற மாதிரி. அப்பா அதில் அடங்கிவிட்டார். நல்ல உயரமான ஆள். எலும்பானால் எல்லாரும் ஒரு பை அளவுதான்.

உழவர்கரையில் அக்காவின் பிளாட்டுக்கு வந்தேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். பையை மேலே கொண்டுபோக முடியாது. கல்லறையிலிருந்து எடுத்தது வீட்டு வாசல் ஏறக்கூடாது, கல்லறைக்குப் போன ஆள் குளிக்காமல் வீட்டில் எதையும் தொடக்கூடாது. இரண்டும் அம்மாவின் சட்டம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பையைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து, கீழே விழாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு மேலே போனேன்.

குளித்து, சட்டை மாற்றி, சட்டையோடு மேலே வந்துவிட்டிருந்த சிலுவையை மறக்காமல் புதுச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கண்ணாடி இல்லை. கதவு அப்படியே பூட்டித்தான் இருந்தது. சீட் முழுக்கக் கற்கண்டு கொட்டின மாதிரி கண்ணாடித் துண்டுகள். பெல்ட்டை அறுத்திருந்தான். அவ்வளவு அக்கறையாகப் பெல்ட் போட்டு வைத்தால் உள்ளே விலை உயர்ந்த சாமான்தான் இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைப்பான்.

அக்காவைக் கீழே கூப்பிட்டேன். அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கடா?"

"போச்சு."

"போச்சுன்னா? டேய், சீட்டுக்கு அடியில பாத்தியா?"

"அப்பா என்னா சில்லறையா, அடியில உருண்டு போவறதுக்கு?"

பளாரென்று அறைந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேலே பால்கனியைப் பார்த்தாள். அம்மா பின்பக்க அறையில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. நான் அம்மாவ மேலயே புடிச்சி வெக்கறேன். சாமியார் லேட்டுன்னு சொல்றேன். நீ போய்த் தேடு. மொதல்ல இந்தக் கண்ணாடிய ஏதாவது பண்ணு. அம்மா எறங்கி வந்து இதப் பாத்தா இங்கயே விழுந்துடும்."

சுற்றியிருந்த தெருக்களில் போனேன். குப்பைத் தொட்டி, சாக்கடை, மரத்தடி எல்லாம் பார்த்தேன். கறுப்புப் பை எங்கேயும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு ஒருவர் சிவப்புத் தொப்பியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா போச்சு? லேப்டாப்பா?"

"இல்ல சார். எங்கப்பா எலும்பு."

டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"தம்பி, குடிச்சிருக்கியா?"

முழுக்கச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இத நான் எழுதுனேன்னு வெச்சிக்க, மனுஷ எலும்புன்னு கேஸு வேற மாதிரி போவும். கெடச்சாலும் உன் கைல குடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், டெஸ்ட்டு, அப்பறம் கோர்ட்டு. உங்கப்பா எப்ப வெளிய வருவாருன்னு எனக்கே தெரியாது."

"இன்னிக்கி சாயங்காலம் அடக்கம் சார்."

"அதான் சொல்றேன். பழந்துணின்னு எழுதட்டுமா? கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கேக்க ஆவும்."

"வாணாம் சார்."

எழுந்து வாசல்வரை வந்தார்.

"எடுத்தவன் தொறந்து பாத்துருப்பான் இல்ல?" சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார். "பாவம்டா அவன்."

இராமதாஸ் கார் கண்ணாடி போடுகிறவர். மெயின் ரோட்டில் கடை. கதவைத் திறந்து பார்த்தார்.

"பழைய மாடலு. விழுப்புரத்துலேர்ந்து வரணும். நாளைக்கி."

"இன்னிக்கே வேணும், அண்ணா."

"இன்னிக்கி வேணும்னா ஒடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கதவின் உள் அட்டையைக் கழற்றி, உள்ளே விழுந்த துண்டுகளை உறிஞ்சு மெஷினால் எடுத்தார். இல்லாவிட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் சலங்கை கட்டினாற்போலச் சத்தம் வரும் என்றார். சீட்டைத் துடைத்தார். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டி டேப் ஒட்ட ஆரம்பித்தார்.

"என்னா வெச்சிருந்த?"

"பை."

"காசா?"

"இல்ல."

"அப்ப வுடு. போனா போவுது."

டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"எங்க ஏரியா வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ வந்திருக்குது. அனுப்பிருக்கேன். பாருடா."

காலி மனை. புல்லில் என் பை, ஜிப் திறந்து. பக்கத்தில் வெள்ளைத் துணி பிரிந்து கிடந்தது. அப்பாவின் தலை, கை கால் எலும்புகள், உப்பு, கற்பூரக் கட்டிகள். கீழே எழுதியிருந்தார்கள்: 'உஷார். நம் ஏரியாவில் செய்வினை. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். பரிகாரம் செய்துகொண்டிருக்கிறோம்.'

டேப்பின் கடைசி ஓரத்தை இராமதாஸ் ஒட்டி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன்.

மனை எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. புகை தெரிந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நான் தேடாத பக்கம், ஒரு வீட்டுக்கு எதிரே இருந்த மனையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் டயர் எரிந்துகொண்டிருந்தது. டயருக்குள் பை. பூசாரி ஒருவர் வேலையை முடித்து மொபெட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

நான் போய் டயரைக் காலால் தள்ளினேன். தடித்த ஆள் ஒருவர் தோளைப் பிடித்து இழுத்தார். எதிர்வீட்டு வெற்றிவேல் என்று பிறகு தெரிந்தது.

"யோவ், கிட்டப் போவாத. காட்டேரி வேல. எவனோ எலும்பு கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"அது எங்கப்பா."

"என்னாது?"

"எங்கப்பாய்யா அது! கல்லறையிலேர்ந்து எடுத்துனு வந்தோம். பைய எவனோ வண்டிலேர்ந்து திருடிட்டான்."

ஒரு பொடியன் "அப்ப பேய் இல்லியா?" என்று கேட்டான். அவனை அவன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

"தண்ணி குடுங்க," என்றேன்.

வெற்றிவேலின் மனைவி சந்திரகலா குடத்தை எடுத்துவந்து நடுவழியிலேயே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஊற்றினேன். சீறியது. பை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. துணி இல்லை. எலும்புகள் கறுத்துப்போய், சில வெடித்து, கையில் எடுத்தால் உதிர்ந்தன. எங்கள் பக்கம் யாரையும் எரிப்பதில்லை. எரிக்க வேண்டும் என்று இருந்திருந்தால் கொரோனாவிலேயே எரித்திருப்பார்கள். மண்ணில்தான் போக வேண்டும் என்று அம்மா போனில் கத்திக் கத்தித்தான் அந்தக் குழியை வாங்கினாள்.

"நாங்க என்னாப்பா பண்றது," என்றார் வெற்றிவேல். குரல் இறங்கியிருந்தது. "போன வாரம்தான் எம் பொண்ணு அபிக்கு நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சு. இன்னிக்கி மதியம் கதவத் தொறந்தா எதுருல எலும்பு, உப்பு, கற்பூரம். நீயா இருந்தா என்னா நெனப்ப?"

நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

"ஒரு சிலுவ போட்டிருக்கக் கூடாதா உள்ள? சிலுவ இருந்தா சர்ச்சுக்குப் போன் பண்ணியிருப்போம். எங்களுக்கும் சாமி பயம் இருக்குதுய்யா."

சட்டைப் பையில் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. எலும்புகளைப் பொறுக்கினேன். சந்திரகலா உள்ளே போய், மடிப்புக் கலையாத புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். கிட்டே வந்து நீட்டினாள்.

"மாப்பிளைக்கின்னு எடுத்தது. வெச்சிக்கோங்க."

அதில்தான் கட்டினேன். காலையில் இருந்ததில் பாதிகூட இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள். மூட்டையைப் பார்த்தாள், தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னேன்.

"சொல்லிடலாமா?" என்றாள்.

"நீ சொல்லு."

"என்னால முடியாது."

"என்னாலயும்தான்."

மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். லூர்துசெல்வி என்ற பெயர்கொண்ட என் அம்மா வெள்ளைப் புடவையில் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். கார் ஜன்னலில் பிளாஸ்டிக்கைப் பார்த்தாள்.

"என்னாது இது?"

"கண்ணாடி ஒடைஞ்சிடுச்சும்மா. கல்லு பட்டு," என்றாள் அக்கா.

"ஆனந்துக்குச் சொல்லிடு. அப்பறம் ஒரு மாசம் போன்ல பேசுவான்." பின்சீட்டில் ஏறினாள். கைகளை நீட்டினாள். "குடு."

கொடுத்தேன்.

மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையை வாங்குகிற மாதிரி இல்லை. தராசில் சாமான் வைக்கிற மாதிரி, எடை பார்த்து வைத்தாள். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். சிக்னல் தாண்டி, கடற்கரைச் சாலைக்குத் திரும்பினோம்.

"சூடா இருக்குதே," என்றாள் அம்மா.

"வண்டி வெயில்ல நின்னுச்சும்மா."

"ம்."

கொஞ்ச தூரம் போனோம். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். மூட்டையை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஜெரின். வண்டிய ஓரம் கட்டு."

கட்டினேன். அக்கா விசும்ப ஆரம்பித்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயரு நாத்தம் வருது. என்னா பண்ணீங்க?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"திருடிட்டாங்கம்மா. எடுத்தவன் தூக்கிப் போட்டுட்டான். செய்வினைன்னு நெனச்சி கொளுத்திட்டாங்க. தெரியாம. மிச்சம் இருந்தத எடுத்துனு வந்தேன்."

லாரி ஒன்று பக்கத்தில் போனது. வண்டி ஆடியது. அம்மா முடிச்சை அவிழ்த்தாள். வேட்டியின் சரிகைக் கரை அவள் முழங்காலில் விழுந்தது. உள்ளே பார்த்தாள். விரலால் ஒரு துண்டை நகர்த்தினாள், அடியில் ஒன்றைத் தேடினாள்.

"தல எங்க?"



தேடுவதை நிறுத்தினாள். மறுபடி முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து இன்னொரு தடவை போட்டாள். விரல்கள் கரியாக இருந்தன. புடவையில் துடைக்கவில்லை.

"ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க," என்றாள். "எடு வண்டிய. சாமியாரு காத்துனு இருப்பாரு."

எடுத்தேன். கொஞ்சம் வேகம் பிடித்ததும், ஒட்டாமல் விட்டுவந்த ஓரம் கழன்று பிளாஸ்டிக் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஒரு கையால் மூட்டையையும், இன்னொரு கையால் பிளாஸ்டிக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.