சம்பூர்ணத்தின் மாத்திரை

தாயாரம்மாள் மாத்திரைப் புட்டியை நூல் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தபோது, மகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதே பெரும்பாடு. நெஞ்சைக் கிழித்து வைத்தியம் பார்த்த பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சம்பூர்ணத்தின் இதயத்தில் சுருங்கிப்போன வால்வை விரித்துவிட்டிருந்தார்கள். முன்பெல்லாம் குடம் தூக்கினாலே மூச்சு வாங்கியவள், இப்போது தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. ஆனாலும் வால்வைக் கெடுத்த மூட்டுக் காய்ச்சல் திரும்பி வராமலிருக்க வருஷக்கணக்கில் தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தாயாரம்மாளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஆப்பரேஷன்தான் முடிந்துவிட்டதே, பிறகு மருந்து எதற்கு? போதாக்குறைக்குத் தெருவில் நாலு பேர் ஓதினார்கள், இங்கிலீஷ் மருந்து சூடு, தின்றால் கரு தங்காது என்று. அன்றோடு புட்டி காணாமல் போனது.

"மாத்திரை எங்கம்மா?" என்று சம்பூர்ணம் வீடெல்லாம் தேடினாள்.

"பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இன்னாடி மாத்திரை? வயித்து வலிக்குத்தான் வேலூர் போனோம்னு தரகர்கிட்ட சொல்லி வெச்சிருக்கு. வாய மூடிக்கினு இரு."

சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நாளெல்லாம் தார் சுற்றுகிறவளிடமா நூல் கூடையில் ஒளித்து வைப்பது! மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொண்டுவந்தபோது, தட்டில் டம்ளர்களுக்கு நடுவே புட்டியும் இருந்தது. புட்டியை மறைக்கச் சொல்லித் தாயாரம்மாள் கண்ணைக் காட்டினாள்.

"அத்தை," என்று மாப்பிள்ளையின் தாய் கங்கம்மாளைப் பார்த்தாள் சம்பூர்ணம். "எனுக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் ஆயிருக்கு. இத நிறுத்தினா காய்ச்சல் திரும்பி வந்து மறுபடி வால்வு கெட்டுடும். உங்க வூட்டுக்கு வந்தாலும் தினம் போடுவேன். தெரிஞ்சிக்கினு பேசுங்க."

அவர்கள் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்," என்று கங்கம்மாள் எழுந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? பஜ்ஜியைக்கூட ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் தாயாரம்மாள் மகளை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

"நான் செத்துப்போய்ட்டா கல்யாணம் யாருக்கும்மா?" என்றாள் சம்பூர்ணம். கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை.

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. தன் ஆயுசில் நாலு பேர் நடுவே வாய் திறந்தறியாதவள் தாயாரம்மாள். தன் வயிற்றில் இப்படி ஒருத்தி பிறந்தாளா என்று ஒரே மலைப்பாக இருந்தது. கூடவே பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. இந்தப் பெண்ணைக் கொல்லப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒத்துக்கினாங்களா?"

தாயாரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கே வந்தாள்.

"ஒத்துக்கல. எம் பொண்ணுக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் ஆயிருக்கு, தினம் மாத்திரை போடணும். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. இனிமே எவன் பொண்ணு பாக்க வந்தாலும், உள்ள காலு வெக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன்."