கழித்த ராத்தல்

1911ஆம் வருடம் பங்குனியில், பதுளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளை முருகையா முழங்கால் வரை பூமிக்குள் இறங்கியிருந்தான். அந்த மாதம் அரிசி விலை ஒரு புசல் அளவுக்கு ஐந்து ரூபாய்.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் ஆளுக்கு நான்கு ராத்தல் கழிப்பது அவன் வழக்கம். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரம் உண்டு. கழித்ததை இல்லாத ஒருத்தியின் பேரில் எழுதி, அவள் சம்பளத்தைத் தானே வாங்கிக்கொள்வான். கொழுந்து பறிக்கும் அன்னலட்சுமிக்கு எடை குறைந்து அரைப்பேர்தான் விழும். அரைநாள் கூலியில் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வேளைக் கஞ்சிதான். பொறுக்க முடியாமல் அவள் கோர்ட்டுக்கு நடந்தே போய் வழக்கு வைத்தாள். ஐந்து ரூபாய் அபராதம். முருகையா சிரித்துக்கொண்டே கட்டினான். மாதம் பதினைந்து வருகிறது, எப்போதோ ஒருமுறை ஐந்து போகிறது. இதற்குப் பெயர் தண்டனையாம். மறுநாள் முதல் ஐந்து ராத்தல் கழித்து, அபராதத்தையும் பெண்களிடமே வசூலித்தான். இந்த ஈனப்புத்திக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த பெயர் திறமை.

அந்த வாரம்தான், பழையதும் புதியதுமாகத் திருடிய எடையெல்லாம் அவன் உடம்பில் ஏறத் தொடங்கியது. ஆள் ஒல்லியாகவே இருந்தான், மண்தான் தாங்கவில்லை. கணுக்கால் புதைந்தபோது, மாதம் ஒரு ஜோடி செருப்பு நட்டம், பரவாயில்லை என்று கணக்குப் பார்த்தான். முழங்கால் புதைந்தபோது தூக்கிவிட இரண்டு ஆள் கூலி, அப்போதும் லாபம்தான். இடுப்பு வரை போனதும் நிறுவைக் கொட்டகையிலேயே தங்கிவிட்டான்.

அன்னலட்சுமி கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்: “ஐயா, தின்னதத் திருப்பி எழுதுங்க. மேல வந்துருவீங்க.”

அவள் பேரில் ஒரு ராத்தல் கூட்டி எழுதிப் பார்த்தான். மயிரிழை அளவு எழும்பினான். உடனே முகம் சுருங்கிவிட்டது.

“முழுசா வெளிய வரணும்னா பதினோரு வருஷச் சம்பாத்தியம் போயிருமே புள்ள. கட்டாது.”

எழுதியதை அடித்தான். கழுத்து வரை புதைந்த பிறகும் தராசு முள்ளைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து எடை குறைத்துச் சொன்னான், வெட்கங்கெட்டவன். ஆவணியில் தலையும் மறைந்தது. அவன் புதைந்த இடத்தில் தரை இறுகிக் கெட்டிப்பட்டிருந்ததால் தராசை அங்கே மாற்றினார்கள்.

அடுத்து வந்தவன் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டான். கணுக்கால் மூடும் வரை கழித்தான், பிறகு கழிப்பதை விட்டுவிட்டு நேர்மையாக எடை போட்டான். அவனுக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. எல்லோரும் யோக்கியர்கள் என்று துரை கம்பெனியின் தலைமைக் கந்தோருக்கு எழுதி அனுப்பினார். புது ஆள் வந்தால் அன்னலட்சுமி அவன் காலைத்தான் பார்ப்பாள். கணுக்கால் மூட எட்டு மாதம் ஆகும். அந்த எட்டு மாதமும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கஞ்சி.